வரிசையில் இடம் கொடுத்தவர்

பொன்னுரங்கனுக்கு அறுபத்து நான்கு வயது. அவருடைய குரு தவமணி அம்மாவுக்கு நாற்பத்தேழு. தன்னைவிடச் சின்னவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதே பெரிய பணிவு என்று பொன்னுரங்கன் நினைத்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்தார்.

ஓமலூர்ப் பக்கம் அம்மா ஓர் அன்னதானக் கூடம் கட்டி முடித்திருந்தார். தை மாதம் திறப்பு. அதன் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று அவர் இன்னும் வாய் திறக்கவில்லை. பொன்னுரங்கன் தன் நூல் மில்லை மகன்களிடம் விட்டுவிட்டு வந்த மனிதர். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரே ஆசைதான். அதுவும் சின்ன ஆசை இல்லை.

புரட்டாசியில் ஐதராபாத் தமிழ்ச் சங்கம் அம்மாவைப் பேச அழைத்திருந்தது. பொன்னுரங்கனும் துணைக்குப் போனார். சேலம் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது, பல நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"கூடத்தை என்னை நம்பிக் கொடுப்பீங்களாம்மா?"

"உங்களுக்கு ஏன் அது வேணும்?"

"கொடுக்கறதுல எனக்கு ஒரு சந்தோசமுங்க. வந்து கேட்டவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வராதுங்க."

"அங்க போய் இறங்கினதும் சொல்றேன்," என்றார் அம்மா.

அன்று விமானம் தாமதம். அதுவும் இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானம். தலைக்கு மேலே பெட்டி வைக்கிற இடம் கொஞ்சம்தான். அது நிரம்பிவிட்டால் மிச்சப் பெட்டிகளை ஏறும் கேட்டிலேயே வாங்கி, சாமான் அறையில் போட்டுவிடுவார்கள். முதலில் ஏற வேண்டுமென்றால் தனியாகக் கட்டணம் கட்டித் தனி வரிசையில் நிற்கலாம். பொன்னுரங்கன் இரண்டு பேருக்கும் கட்டியிருந்தார்.

கேட் திறக்கும் முன்பே அவர் போய் முதல் ஆளாக நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் கோமளவல்லி என்று ஒரு பெண்மணி, ஒரு பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். அம்மா விசாரித்தபோது விஷயத்தைச் சொன்னார். மகளுக்குக் கல்யாணமாகி முதல் கொலு. பெட்டியில் இருப்பது மண் பொம்மைகள், கல்யாண செட். விமானத்தில் ஏறுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. பெட்டியைக் கையை விட்டுப் பிரிக்கக்கூடாது என்பதற்காகவே கூடுதல் கட்டணம் கட்டியிருந்தார்.

பொது வரிசை உணவுக் கடை வரை நீண்டிருந்தது. அதிலிருந்து பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் வந்து பொன்னுரங்கனிடம் இடம் கேட்டார். அவர் உடனே தனக்கு முன்னால் நிற்க வைத்தார். அதைப் பார்த்து, பழக்கப்பட்ட ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் முதுகு வலி என்று வந்தார். அவருக்கும் இடம் கிடைத்தது. அடுத்ததாக ஒரு குடும்பமே வந்தது. ஆறு பேர், ஆளுக்கொரு டிராலி பெட்டி. கல்யாண வரவேற்புக்கு நேரமாகிவிட்டதாம். பொன்னுரங்கன் கைகாட்டி அவர்களையும் முன்னால் விட்டார்.

இவர்கள் வேறு வரிசை ஆயிற்றே என்று கேட்டில் இருந்த பெண் கேட்டாள். எல்லாம் நம்ம ஆட்கள்தான் என்று பொன்னுரங்கன் சொல்லிவிட்டார். ஏற்கெனவே தாமதம். அவள் மேற்கொண்டு பேசவில்லை.

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. நாங்களும் பணம் கட்டித்தான் நிற்கிறோம் என்றார் ஒருவர். பொன்னுரங்கன் திரும்பி அவரைக் கனிவோடு பார்த்தார். அந்தக் கனிவுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"அஞ்சு நிமிசந்தானுங்க. இதுல நாம என்ன கொறஞ்சு போயிருவோம்?"

கோமளவல்லி முணுமுணுக்கவில்லை. பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

இதற்கிடையில், காலில் கட்டுப் போட்ட ஒருவர் பொது வரிசையின் கடைசியிலிருந்து நொண்டிக்கொண்டே வந்து அம்மாவிடம் கேட்டார். நிற்க முடியவில்லை என்றார். அம்மா விலகி, தன் இடத்தில் அவரை நிற்க வைத்து, கேட்டில் இருந்த பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு உணவுக் கடைப் பக்கம் நடந்தார். பசி போலிருக்கிறது என்று பொன்னுரங்கன் நினைத்தார். திரும்பிப் பார்த்தால் அம்மா பொது வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

பதறிப்போய்க் குரல் கொடுத்தார். "என்னங்கம்மா, அங்க போய் நிக்கறீங்க?"

"அவர் இங்கதான நின்னாரு," என்றார் அம்மா.

பொன்னுரங்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவர்கள் அப்படித்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, தன் இடத்தில் நின்றார்.

அவர் முன்னால் விட்டவர்கள் ஏறினார்கள். அவரும் ஏறினார். காலில் கட்டுப் போட்டவரும் ஏறினார். கோமளவல்லியின் முறை வந்தபோது உள்ளே இருந்து தகவல் வந்தது, மேலே இனி இடமில்லை என்று. கேட்டில் இருந்த பெண் பெட்டியைக் கேட்டாள். கோமளவல்லி கெஞ்சினார். அந்தப் பெண்ணுக்கும் சங்கடம்தான். உடையும் சாமான் என்று ஒரு சீட்டை ஒட்டி, பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

விமானத்தில் கடைசி ஆளாக அம்மா வந்து உட்கார்ந்தார். பொன்னுரங்கன் காத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்காரப் பெண் கண் கலங்கியதைச் சொன்னார். அந்தக் குடும்பம் தன்னை வரவேற்புக்கே அழைத்ததைச் சொன்னார். எட்டுப் பேருக்கு இடம் கொடுத்ததில் மனசு நிறைந்துவிட்டது என்றார்.

"உங்க பெட்டிக்கு இடம் கிடைச்சுதா?" என்று கேட்டார் அம்மா.

"அதெல்லாம் நம்ம தலைக்கு மேலயே இருக்குங்க."

அம்மா வாங்கிவந்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐதராபாத்தில் இறங்கி வெளியே போகும் வழியில், பெட்டிகள் வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கோமளவல்லி தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்து கிடந்தது. சுற்றியிருந்த பழைய சேலைத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். புரோகிதர் வந்தார், தவில்காரர் வந்தார், மாப்பிள்ளை முழுசாக வந்தார். பெண்ணுக்குக் கழுத்துக்கு மேலே இல்லை. தலை தனியாக, பூ வைத்த கொண்டையோடு, துணி மடிப்பில் கிடந்தது.

பொன்னுரங்கனுக்கு மனசு தாங்கவில்லை. இரக்கம் என்னவோ அவருக்கு நிஜமாகவே உண்டு. பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"அடடா. பெட்டியை உங்க கையோடயே கொண்டு வந்திருக்கலாமேங்க."

கோமளவல்லி நிமிர்ந்து பார்த்தார். யாரென்று தெரிந்தது. குரலில் கோபமில்லை, அழுகைதான் இருந்தது.

"அதுக்குத்தாங்க நேரத்துலயே வந்து உங்க பின்னாடி நின்னேன்."

பொன்னுரங்கன் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். நல்ல பசை போட்டு ஒட்டிவிடலாம் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். கழுத்து ஒட்டின கல்யாணப் பெண்ணை முதல் கொலுவில் யார் வைப்பார்கள் என்று கோமளவல்லி கேட்டார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி சுற்றி, தலையை முந்தானையில் முடிந்துகொண்டு, மகள் காத்திருந்த வாசலுக்குப் போனார்.

அம்மா ஒரு தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கன் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு அவரிடம் வந்து சேர்ந்தார். இருவரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தானுங்கம்மா கொடுத்தேன்."

"கொடுத்தீங்க. கொடுத்துட்டு நீங்க எங்க நின்னீங்க?"

பொன்னுரங்கன் நடப்பதை நிறுத்தினார்.

"அப்ப கூடம் எனக்கு இல்லைங்களாம்மா?"

"கூடம் உங்களுக்குத்தான்," என்றார் தவமணி அம்மா. "யாரை வேணும்னாலும் முன்னாடி விடுங்க. ஆனா தினமும் கடைசி ஆளா நின்னு நீங்க அங்க சாப்பிடணும். சோறு தீர்ந்துபோச்சுன்னா, அன்னிக்குப் பட்டினி நீங்க."