இரண்டாவது கோப்பை

"எந்தக் காப்பிக்கொட்டை வாங்கினாலும் எங்க சௌந்தரத்துக்குப் பிடிக்க மாட்டேங்குது, மாஸ்டர். நீங்கதான் ஒண்ணு எடுத்துக் குடுக்கணுங்க."

குழந்தைவேலு தன் மனைவியைப் பற்றி இதைச் சொன்னது நசீமாவிடம். கோவையில் காப்பிக்கொட்டை வறுத்து விற்பவள். அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். வீட்டில் மெஷின் வைத்து எஸ்பிரெஸோ காப்பி போடப் பழக வருகிறவர்களுக்கெல்லாம் அவள் மாஸ்டர்.

ரிட்டயர் ஆன கையோடு மெஷின் வாங்கியவர் குழந்தைவேலு. அன்றிலிருந்து கொட்டை மாற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏற்காடு பார்த்தார், கூர்க் பார்த்தார், கருக வறுத்தது, இளசாக வறுத்தது எல்லாம் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. போன வாரம் எனக்குக் காப்பியே வேண்டாம்னுட்டா. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து குடிக்கலாம்னுதாங்க மெஷினே வாங்கினேன். இப்பத் தனியாக் குடிச்சிட்டு இருக்கறேன்."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"நீங்க குடிக்கறது எப்படி இருக்கும் சார்?"

"அருமையா இருக்குங்க. அதுதான் எனக்குப் புரியல."

நசீமா கடையிலேயே நல்ல கொட்டையாக எடுத்துக் கொடுத்தாள்.

"வீட்டுல போடற மாதிரியே போடுங்க. உங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணு."

குழந்தைவேலு அரைத்தார். தூளைக் கைப்பிடி வைத்த வடிகட்டியில் நிரப்பி அழுத்திக் கடை மெஷினில் மாட்டினார். காப்பி தேன் மாதிரி இறங்கியது. அந்தக் கோப்பையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

பிறகு கைப்பிடியைக் கழற்றாமலே அடுத்த கோப்பையை வைத்து மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

"தூள் மாத்தலைங்களா சார்?"

"எதுக்குங்க? அதுல இன்னும் சாறு இருக்குதே. ஃபில்டர்ல போட்ட காலத்திலயும் அப்படித்தான். முதல் டிகாஷன் எனக்கு, ரெண்டாவது டிகாஷன் அவளுக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க வீட்டு வழக்கம்."

பெருமையாகவே சொன்னார். அவருடைய அப்பா அம்மாவும் அப்படியே குடித்தவர்கள்.

நசீமா முதல் கோப்பையை எடுத்து நிதானமாகக் குடித்தாள். இரண்டாவதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

குழந்தைவேலு ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போனது. துப்ப இடம் தேடினார். கிடைக்காமல் விழுங்கித் தொலைத்தார்.

"என்னங்க இது, வெந்நியில கரியைக் கரைச்ச மாதிரி இருக்குது? இதை எப்படிங்க மனுசன் குடிக்கறது?"

"எனக்குத் தெரியாதுங்க சார்," என்றாள் நசீமா. "அம்மாவைத்தான் கேக்கணும்."