அழுங்குக்குச் செதில் வந்த நாள்

அந்தக் காலத்தில் விலங்குகள் எல்லாம் வாய்விட்டுப் பேசும். ஆனால் நடந்து முடிந்ததைச் சொல்லும்போது மட்டும் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்காது. மழை பெய்தது, மரம் விழுந்தது, கிளி செத்தது. அவ்வளவுதான். எது முந்தி, எது பிந்தி, எதனால் எது வந்தது என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. சேர்த்துச் சொன்னால் கடைசியில் யாருடைய பெயராவது வந்து நிற்கும் அல்லவா? அந்தப் பயம்தான்.

மலையடிவாரத்தில் ஒரே ஒரு சுனை. கோடையில் அத்தனை உயிருக்கும் அதுதான் தண்ணீர். அங்கே யாரும் யாரையும் தொடக்கூடாது என்று கட்டுப்பாடு. மற்ற நாளெல்லாம் கரடி காவல் இருக்கும். பௌர்ணமி அன்றைக்கு மட்டும் சிறுத்தை.

ஒரு கோடையில் புள்ளிமானின் குட்டி அந்தச் சுனைக்குத் தண்ணீர் குடிக்கப் போனது, திரும்பவில்லை. தாய் மான் தேடாத புதர் இல்லை. வெகு நாள் கழித்து, அழுங்கு தோண்டிய குழி ஒன்றில் அதன் எலும்பு கிடந்தது.

அப்போதெல்லாம் எறும்புத்தின்னியான அழுங்குக்கு வெறும் தோல்தான், வழவழவென்று இருக்கும். கறையான் தின்று பிழைக்கிறவள், வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பிறந்து ஒரு மாதம் ஆகாத குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு திரிந்தாள்.

உச்சி வெயிலில் சிறுத்தை எல்லோரையும் சுனைக்குக் கூப்பிட்டது. அழுங்கு குழி தோண்டினாள், மான்குட்டி செத்தது, எலும்பு குழியில் இருந்தது என்று சொன்னது. இவளைக் குட்டியோடு சேர்த்துப் பாறை உச்சியிலிருந்து உருட்டிவிட வேண்டும் என்றது.

குழி எப்போது தோண்டினாள் என்று ஒரு முயல் மெல்ல முனகியது. பக்கத்தில் இருந்த முள்ளம்பன்றி அதை இடித்து, "காதுதான் நீளம், நாக்கையாவது சுருக்கி வை மாப்பிள்ளை" என்றது. முயல் புல்லுக்குள் பதுங்கிக்கொண்டது.

நழுவப் பார்த்த குட்டியை அழுங்கு வாலில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஐயா, ஒன்றே ஒன்றைக் காட்டிவிட்டுச் சாகிறேன்" என்றாள். சிறுத்தை கொட்டாவி விட்டபடி தலையை ஆட்டியது.

அவள் வளைக்குள் போய் ஒரு கொடியை இழுத்து வந்தாள். கொடி நெடுக மருதம்பட்டைச் சில்லுகள், ஒன்றின் மேல் ஒன்று பாதி படிந்தாற்போல் கோத்திருந்தன. குட்டி எப்போது தானாகக் கறையான் தின்னும் என்று தெரிந்துகொள்ள, அது பிறந்ததிலிருந்து நாளுக்கு ஒரு சில்லு கோத்து வந்திருந்தாள். அதைப் பாறைமேல் விரித்துவிட்டு மானைப் பார்த்தாள்.

"அக்கா, ஆலங்கட்டி மழை பெய்ததே, அதற்கு மறுநாள் இவன் பிறந்தான். இது அந்தச் சில்லு. ஐந்தாவது சில்லு கோத்த அன்றைக்குத்தான் நீ அழுதுகொண்டு வந்து, குட்டியைப் பார்த்தாயா என்று என்னைக் கேட்டாய். நான் குழி தோண்டியது அதற்கப்புறம், இருபதாவது சில்லில். உன் பிள்ளை விழுந்து சாக அன்றைக்குக் குழியே இல்லையே அக்கா."

இப்படி ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பேசி விலங்குகள் கேட்டதே இல்லை. அடுத்து என்ன வரும் என்று நினைக்கவே மயிர் கூச்செறிந்தது.

ஆலங்கட்டி மழை மானுக்கும் நினைவிருந்தது. அதிலிருந்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அன்றைக்குப் பௌர்ணமி."

யார் பெயரையும் அவள் சொல்லவில்லை. ஆனால் தலைகள் ஒவ்வொன்றாகச் சிறுத்தையின் பக்கம் திரும்பின.

"நாள் எண்ணச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது?" என்று சிறுத்தை மெதுவாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே பாய்ந்தது.

அழுங்கு கொடியை வாரித் தன்மேல் சுற்றிக்கொண்டாள். குட்டியை வயிற்றோடு அணைத்து அப்படியே உருண்டையாகச் சுருண்டாள். சிறுத்தை கடித்தது, பிறாண்டியது, பாறையில் மோதியது. ஒரு சில்லை நெம்பினால் அடுத்தது அதை அமுக்கிப் பிடித்தது. பல் உள்ளே இறங்கவில்லை. சில்லுகள்தான் அவள் தோலில் புதைந்து ரத்தம் வந்தது.

அதற்குள் கரடி எழுந்து நின்றுவிட்டது. காட்டெருமை கொம்பைத் தாழ்த்தியது. சிறுத்தை மரத்துக்கு மரம் தாவி ஓடி மறைந்தது.

போய்விட்டது, வெளியே வா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். பொழுது சாயும்வரை அவள் விரியவில்லை. கொடியை அவிழ்த்துவிட மான் பல்லால் இழுத்துப் பார்த்தது. கொடி அறுந்து வாயோடு வந்தது. சில்லுகள் வரவில்லை, தசையோடு ஒட்டிவிட்டிருந்தன.

அன்று முதல்தான் அழுங்கின் உடம்பில் ஒரு செதிலை அடுத்த செதில் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. சருகு அசைந்தாலே குட்டியை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்கிறாள். ஆபத்து போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை.