எத்ரோன் வாசலில் நின்றவர்கள்

இஸ்ரவேலில் இன்னும் ராஜா என்று ஒருவர் வராத காலம். கீலேயாத் மலைநாட்டில் எத்ரோன் என்று ஒரு சிற்றூர். காத் கோத்திரத்தின் ஒரு மூலை அது. நாற்பது ஈட்டிக்காரர்கள். அவர்களுக்குத் தலைவன் அசரேல்.

அசரேலுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. வழக்கு என்று வருகிறவர்களுக்கு எப்படி நியாயம் சொல்வது என்பதை அவன் மில்காள் என்ற பெண்ணிடம் கற்றான். அவனைவிட அவள் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் மலைநாட்டின் சின்னத் தலைவர்கள் எல்லாம் அவளைத் தேடிப் போய் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். பத்து வருடமாக அசரேலும் அப்படித்தான்.

திராட்சை பழுக்கும் மாதத்தில் அவன் மறுபடி போனான். கழுதையை விட்டு இறங்கியவன் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அம்மா, ஒரு சத்தத்தை நிறுத்த வேண்டும். வழி சொல்லுங்கள்."

மில்காள் ஆட்டு மயிரைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சத்தம்?"

"கொம்பு ஊதுகிற சத்தம். தினமும் உச்சி வெயிலில். பெத்சூனாவின் பக்கமிருந்து."

"பெத்சூனாவில் இப்போது யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

அவள் கை நின்றது.

பெத்சூனா, எத்ரோனுக்கு நேர் கீழே பள்ளத்தாக்கில் இருந்த ஊர். யாதூன் என்பவன் அதன் தலைவன். இரண்டு ஊருக்கும் உடன்படிக்கை உண்டு. கொம்பு ஒருமுறை ஊதினால் எச்சரிக்கை. இரண்டு முறை ஊதினால் மற்ற ஊர் ஓடிவர வேண்டும். வாற்கோதுமை அறுப்பு நாளில் கிழக்கத்திப் பகைவரான அம்மோனியர் பெத்சூனாவின்மேல் விழுந்தார்கள். கொம்பு ஊதியது. எத்ரோன் இறங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பெத்சூனாவில் புகைதான் மிச்சம். நான்கு மாதம் ஆகிறது.

"அந்தச் சத்தம் உமக்கு மட்டுமா கேட்கிறது?"

"ஊருக்கே கேட்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சத்தம் வந்ததும் ஆண்கள் கையில் இருப்பதை அப்படியே போடுகிறார்கள். கச்சையைக் கட்டி, ஈட்டியை எடுத்து, வாசலுக்கு வந்து வரிசையாக நிற்கிறார்கள். கண் இமைப்பதில்லை. சத்தம் ஓய்ந்ததும் திரும்பிப் போய், விட்ட வேலையைத் தொடர்கிறார்கள். படைக்கு மூத்தவன் அரோத். அவன் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். 'நான் எங்கே நின்றேன்?' என்று என்னையே கேட்கிறான்."

"நீர் என்ன செய்தீர்?"

"லேவியனை அழைத்துப் பலி கொடுத்தேன். ஆட்களைக் கீழே அனுப்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். வாசல் கதவை அடைத்துப் பார்த்தேன்." அசரேல் உள்ளங்கையை முகத்துக்கு நேரே வைத்துக் காட்டினான். "அடைத்த கதவுக்கு நேராக நின்றார்கள், அம்மா. முகம் பலகையில் ஒட்டும்படி."

"எத்தனை முறை ஊதுகிறது?"

"இரண்டு."

"அன்றைக்கு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"ஒருமுறைதான் ஊதியது என்று கோத்திரச் சபையில் சொன்னீர்."

"இரண்டுதான். ஆட்கள் கச்சை கட்டி வாசலில் தயாராக நின்றார்கள். இரண்டாவது சத்தம் வெறும் எதிரொலி என்று நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"அம்மோனியர் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள்."

"ம்."

"அறுத்த கதிர் களத்தில் கிடந்தது."

"ம்."

பிறகு மெல்லச் சொன்னான்:

"அதற்கு முந்தின வருடம் சபையில் யாதூன் என்னைப் போலவே நடந்து காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள்."

மில்காள் கயிற்றைக் கீழே வைத்தாள். "அவன் ஊரில் எத்தனை வீடு?"

"இருபத்தெட்டு."

மறுநாள் காலை இருவரும் புறப்பட்டார்கள். எத்ரோனுக்குப் போகாமல், மலையைச் சுற்றி நேரே பள்ளத்தாக்குக்கு அவள் அவனை நடத்திக்கொண்டு போனாள்.

"உச்சி வேளையில் அங்கே இருக்க வேண்டாம், அம்மா."

"உச்சி வேளைக்குத்தான் போகிறோம்."

பெத்சூனாவில் ஒரு குருவிகூட இல்லை. கருகிய சுவர்களின்மேல் வெள்ளரிக்கொடி படர்ந்து, பறிக்க ஆளில்லாமல் காய்கள் மஞ்சளாகித் தொங்கின. ஓர் அடுப்பின் பக்கத்தில் பிசைந்த மாவு கல்லாக இறுகிக் கிடந்தது. அதில் ஐந்து விரல்களின் தடம். கிடந்தவர்களை யாரும் அடக்கம் செய்யவில்லை. வெயிலும் நரிகளும் மிச்சம் வைத்த எலும்புகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அசரேல் கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தான்.

காவலாள் ஏறி நிற்கும் காவற்கல்லின் அடியில் கொம்பைக் கண்டான். ஒரு கையெலும்பு அதன்மேல் கிடந்தது. குனிந்து எடுத்தான். கொம்பின் வாய் முழுக்கக் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. மண் காய்ந்து வெடித்திருந்தது.

"இதை யாரும் ஊதவில்லை," என்றான். "இதை ஊதவே முடியாது."

"உட்காரும்," என்றாள் மில்காள்.

நிழல் காலடிக்குள் சுருங்கியது. காற்று நின்றது. அப்போது கொம்பு ஊதியது.

அசரேல் கையிலிருந்ததைப் பார்த்தான். அது அசையவில்லை. சத்தம் அங்கிருந்து வரவில்லை. பெத்சூனாவின் எந்த மூலையிலிருந்தும் வரவில்லை. தலைக்கு மேலிருந்து, மலை விளிம்பிலிருந்து வந்தது. அவனுடைய சொந்த ஊர் வாசலிலிருந்து வந்தது.

நிமிர்ந்து பார்த்தான். எத்ரோன் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. வாசலில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஈட்டி முனைகள் வெயிலில் மின்னின. ஒருபக்கம் சாய்ந்து நிற்பவன் அரோத். முகங்கள்கூடப் பிடிபட்டன. நாற்பது பேரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது முறை ஊதியது.

யாரும் அசையவில்லை.

"வாருங்கள்!"

கத்தியது தான்தான் என்பது அசரேலுக்குச் சற்றுக் கழித்தே உறைத்தது. "அரோத்! இறங்கி வா! எல்லாரும் வாருங்கள்!"

தொண்டை கட்டும்வரை கத்தினான். கல்லின்மேல் ஏறி மேலாடையைச் சுழற்றினான். அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சத்தம் ஓய்ந்ததும் ஒவ்வொருவராக முதுகைக் காட்டித் திரும்பி உள்ளே போனார்கள். வாசல் வெறுமையானது.

அசரேல் கல்லிலிருந்து இறங்கினான்.

"யாதூனும் இதைப் பார்த்தானா?"

"இங்கே நின்றால் வேறு எதைப் பார்க்க முடியும்?"

அவன் ஒரு முள்ளை ஒடித்துக் கொம்பிலிருந்த மண்ணைச் சுரண்டத் தொடங்கினான். விரலில் ரத்தம் வந்தது. மில்காள் உதவவில்லை, தடுக்கவும் இல்லை. மண் போனதும் அவன் அதை வாயில் வைத்து ஊதினான். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு ஒருமுறை ஊதியது. பிறகு இன்னொரு முறை.

மேலே வாசல் மறுபடி நிறைந்தது. ஒரு கணம் எல்லாரும் நின்றார்கள். பிறகு சரிவில் தூசி எழுந்தது.

அரோத்தான் முதலில் வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது.

"தலைவரே, எதிரி எங்கே?"

மற்றவர்களும் வந்து சூழும்வரை அசரேல் பொறுத்திருந்தான்.

"அன்றைக்கும் இரண்டு முறைதான் ஊதியது," என்றான். "எதிரொலி இல்லை. எனக்குத் தெரிந்தே உங்களிடம் பொய் சொன்னேன்."

கீழே கிடந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அரோத் ஈட்டியைச் சுவரில் சாய்த்தான்.

"எங்களுக்கும் தெரியும், தலைவரே," என்றான். "எதிரொலி மலையிலிருந்து வரும். அது கீழேயிருந்து வந்தது."

சொல்லிவிட்டுக் குனிந்து, அடுப்பின் பக்கத்தில் கிடந்த சிறிய எலும்புகளைத் தன் மேலாடையில் பொறுக்கத் தொடங்கினான். ஒவ்வொருவராக மற்றவர்களும் ஈட்டியை வைத்தார்கள்.

மாலைவரை அடக்கம் செய்தார்கள். எத்ரோனின் பெண்கள் துணியும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். யாதூனை அவன் உடைந்த முன்பல்லை வைத்து அசரேல் அடையாளம் கண்டான். அவனைத் தூக்க வேறு யாரையும் விடவில்லை. குழியில் இறக்கியபோது ஏதோ சொன்னான். அது யாருக்கும் கேட்கவில்லை.

வெயில் தணிந்தது. எங்கிருந்தோ ஒரு குருவி வந்து வெள்ளரிக்கொடியில் உட்கார்ந்தது. அசரேல் மண் அப்பிய கைகளோடு மில்காளின் முன்னால் வந்து நின்றான்.

"நாளைக்குக் கொம்பு ஊதாது. அப்படித்தானே, அம்மா?"

மில்காள் தோல்பையில் மிச்சமிருந்த தண்ணீரை அவன் கைகளில் ஊற்றினாள்.

"ஊதினால்தான் இறங்கி வருவீரோ?"