கதவுக்கு மருந்து

இதை எனக்கு முதலில் சொன்னவள் நர்ஸ் பெல்சியா. போன தவக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். நான் வெளியே பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

ததேயு என்று ஒருவர் இருந்தார். அவருடைய உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே ஒரு கதவு வேலை பார்த்தது. விழுங்கினால் திறக்கும், உடனே மூடும். இரைப்பைக்குள் புளிப்புநீர் அடுப்பில்லாமலே சமைத்துக்கொண்டிருக்கும்.

ததேயு சாப்பிட்டதும் படுத்துவிடுவார். தவக்காலத்தில் இன்னும் மோசம். ஒருசந்தி என்று காலையும் இரவும் பட்டினி கிடந்து, மூன்று வேளைச் சோற்றை மதியமே முடித்துவிட்டுக் கட்டிலில் சாய்வார்.

"நாலு வருஷமா எரியுது. இப்போ தண்ணி இறங்கினாலும் வலிக்குது. இப்படியே போனா சுருங்கிடுவேன்" என்று உணவுக்குழாய் அழுதது.

"நெஞ்செரிச்சல்னதும் என்னைத்தான் பிடிச்சாங்க" என்றது பக்கத்து வீட்டு இதயம். "கம்பி கம்பியா ஒட்டிப் பார்த்தாங்க. பரவாயில்லை, முதல்ல என்னைப் பார்க்கிறதுதான் நல்லது. ஆனா நான் இல்லப்பா."

அப்போது ஒற்றைக் கண்ணில் விளக்கோடு குழாய் இறங்கி வந்தது. "பயப்படாதீங்க. பார்க்கத்தான் வந்தேன்."

"அந்தப் புளிப்பைப் பிடிங்க" என்றது உணவுக்குழாய்.

"நான் என் வீட்டுல சமைக்கிறேன். கதவு திறந்து கிடந்தா வழியாதா?" என்றது புளிப்புநீர்.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். "வயிறு முட்டத் தின்னுட்டுப் படுத்தா அத்தனையும் என் முதுகுலதான் சாயுது. எத்தனை நாள் முட்டுக் கொடுப்பேன்?" என்றது கதவு.

குழாய் உணவுக்குழாயில் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் வெறும் வயிற்றில் மாத்திரை வந்தது. "புளிப்போட வேகத்தை நான் குறைக்கிறேன். எட்டு வாரம் விடாம வருவேன்."

ஐந்தாம் நாளே எரிச்சல் நின்றது. ததேயு மாத்திரையைப் பீரோவில் வைத்துவிட்டு, வழக்கம்போலச் சாப்பிட்டுப் படுத்தார். அந்த வாரமே உணவுக்குழாய் மறுபடி கதறியது.

பீரோவுக்குள்ளிருந்து மாத்திரை சொன்னது: "என்னை வெளிய எடுத்தா எரிச்சலை அணைப்பேன். ஆனா கதவுக்கு மருந்து என்கிட்ட இல்லையே."

"எனக்கு மருந்து வேண்டாம்" என்றது கதவு. "சாப்பிட்டு மூணு மணி நேரம் அவர் படுக்காம இருந்தா போதும். அவர் நிமிர்ந்திருந்தா நானும் நிமிர்ந்திருப்பேன்."

இது காதில் விழுந்ததுபோல ததேயுவின் மனைவி எழுந்தாள். நோயாளிக்கு ஒருசந்தி கடமையில்லை என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு வந்து, சோற்றை மூன்று வேளைக்குப் பிரித்தாள். மாத்திரையை வெளியே எடுத்தாள். அது இருந்த இடத்தில் தலையணையை வைத்துப் பூட்டினாள்.

நானும் வீட்டுக்கு வந்ததும் அதையே செய்தேன். சாவி என் ஜெபமாலைப் பையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இன்னும் தேடுகிறார்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இன்று மதியம் சாப்பிட்டு எழுந்ததும் தலையணையைத் தேடாதீர்கள்.