ஒற்றைச் சிறுநீரகத்தின் ஓசை

ஐம்பத்திரண்டு வயதில் டாக்டர் செவ்வந்தியப்பன் மறுபடி மாணவரானார். அவருக்கு ஸ்கேன் கற்றுக்கொடுத்த டாக்டர் ரெஜினா, அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

ஒரு மழைப் பிற்பகல். ஸ்கேன் அறையில் விளக்கைத் தணித்திருந்தார்கள். கட்டிலில் ஹாஜிரா படுத்திருந்தார். அவருக்கு வேலை செய்வது ஒரே ஒரு சிறுநீரகம். அதற்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிப்போய், மூன்று மாதத்துக்கு முன் அதை விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் என்ற கம்பிவலைக் குழலை வைத்திருந்தார்கள்.

செவ்வந்தியப்பன் அவர் விலாவில் கருவியை வைத்தார். திரையில் சிவப்பும் நீலமும் மிதந்தன. ஸ்டென்ட் இருந்த இடத்தில் ரத்தத்தின் வேகத்தை அளந்தார். அதிகமாக இருந்தது; குறுகிய குழாயில்தான் ரத்தம் அப்படி விரையும் என்று படித்திருந்தார்.

"மறுபடி அடைச்சிடுச்சு மேடம்" என்றார் தாழ்ந்த குரலில்.

ஹாஜிராவின் காதில் அது விழுந்துவிட்டது. அவர் கை கட்டில் விளிம்பைப் பற்றியது.

"அப்ப டயாலிசிஸ்தானா? நாலு நாளா இதை நெனச்சுத்தான் தூக்கமே இல்ல."

ரெஜினா அவர் தோளில் கைவைத்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா." பிறகு செவ்வந்தியப்பனிடம், "இன்னும் உள்ளே போங்க சார்."

"அளவு எடுத்தாச்சே?"

"குழாயில எடுத்தீங்க. சிறுநீரகத்தைக் கேட்கலையே."

அவர் கருவியை மெல்ல நகர்த்தினார். சிறுநீரகத்துக்குள் நூல் போன்ற குழாய்கள், தண்ணீருக்கடியில் எரியும் திரிகளாய் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ரெஜினா ஒலியைக் கூட்டினார்.

ஓசை அறையை நிறைத்தது. சட்டென்று எழுந்தது, மெல்லத் தணிந்தது, மறுபடி எழுந்தது. வெளியே மழை பெய்கிறதா, உள்ளேயா என்று செவ்வந்தியப்பனுக்குத் தெரியவில்லை.

"வர்ற வழியில, அந்தக் குழாயில அடைப்பிருந்தா இங்க ரத்தம் எப்படி வரும் சார்?"

"தயங்கித் தயங்கி வரும்."

"இது?"

அவர் வெகுநேரம் கேட்டார். "தயங்கல."

"ஸ்டென்ட் விறைப்பானது. அதுக்குள்ள ரத்தம் கொஞ்சம் வேகமாத்தான் ஓடும். வச்ச மறுநாள் எடுத்த அளவும் இதேதான்."

"இது எம் ரத்தமா டாக்டரம்மா?" என்றார் ஹாஜிரா.

"உங்களோடதுதாம்மா."

"கொஞ்ச நேரம் ஓடட்டும்."

ஓடவிட்டார்கள். கட்டில் விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஹாஜிராவின் மூச்சு சீரானது.

செவ்வந்தியப்பன் தலைகுனிந்து நின்றார். "அவசரப்பட்டு பயமுறுத்திட்டேன். எழுப்பி, அடைப்பு இல்லன்னு சொல்லிடட்டுமா?"

"வேணாம் சார்" என்றார் ரெஜினா. "கேட்டுட்டுத்தான் தூங்கறாங்க."