இருபது பித்தளை நட்டுகள்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேஸ்திரி வில்பிரட், வயது முப்பத்தாறு. அவரிடம் சைலன்சர் வேலை பழகிக்கொண்டிருந்த உலகநாதன், வயது ஐம்பத்திரண்டு. டாக்சி ஓட்டும் ஜெயசீலி. நட்டு, போல்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொள்ளும் நான். பத்தரைக்கு டீ கொடுத்துவிட்டுப் போனவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உலகநாதன் தூத்துக்குடியில் ஓர் உப்பு ஆலையில் இருபத்துமூன்று வருஷம் பம்பு பிட்டராக இருந்தவர். ஆலை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார். வயதில் மூத்தவர் என்பதால் மேஸ்திரி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஜெயசீலி வண்டியைக் கொண்டுவந்தது ஒன்பதரைக்கு.

"உள்ள புகை வருது மேஸ்திரி. மூணு மணிக்கு டீச்சரம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவணும். போன தடவை வழியெல்லாம் இருமுனாங்க. இன்னொரு தடவை இந்தப் புகையில அவங்களை ஏத்த மாட்டேன். வேற வண்டிக்காரன் எவனும் அவங்களைத் தூக்கி உட்கார வைக்க மாட்டான்."

மேஸ்திரி படுத்துப் பார்த்தார். இன்ஜினிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் தகடு எரிந்திருந்தது. அதை மாற்ற, ஸ்டட் என்னும் மரைக்கம்பிகளில் ஏற்றிய மூன்று நட்டுகளைக் கழற்ற வேண்டும். மூன்றிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"யார் மாட்டினது?"

"நான்தான் மேஸ்திரி. நீங்க ஊர்ல இல்லாதப்போ," என்றார் உலகநாதன். "ஸ்டட்டும் நட்டும் ஸ்டெயின்லெஸ். உப்புக்கே அசையாது."

"ஆயுசுக்கும் கவலையில்லன்னு சொன்னாரு," என்றார் ஜெயசீலி. "ஆயுசு நாலு மாசம்னு சொல்லலியே அண்ணாச்சி."

உலகநாதன் சிரிக்கவில்லை. "கேஸ்கெட்தான் போயிருக்கு. என் நட்டு அப்படியே இருக்குல்லா?"

"இருக்கு," என்றார் மேஸ்திரி. ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தார். "கழட்டுங்க."

முதல் நட்டு வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. இரண்டாவதில், துருவே இல்லாமல், சூட்டில் மரையும் மரையும் கவ்விக்கொண்டு நின்றன. எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், கடைசியில் உளி வைத்துப் பிளந்து எடுத்தார். மூன்றாவது திரும்பியது. ஆனால் ஸ்டட்டோடு முறிந்து வந்தது. பாதி ஸ்டட் உள்ளேயே நின்றுவிட்டது.

ஜெயசீலி போனைக் கையில் எடுத்தார். "டீச்சரம்மாட்ட என்ன சொல்ல?"

"இப்போ ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் மேஸ்திரி.

மிச்சத்தைத் துளைபோட்டு எடுத்து, மரை வெட்டி, மூன்று புது இரும்பு ஸ்டட்டுகளை அவர் ஏற்றி முடித்தபோது மணி ஒன்று ஐம்பது. அதுவரை உலகநாதன் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். சாப்பிடப் போகவில்லை.

மேஸ்திரி என் பக்கம் கையை நீட்டினார். பித்தளை நட்டு டப்பாவில் இருபது இருந்தன. மூன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றை உலகநாதனிடம் கொடுத்தார்.

"பித்தளையா? வலு கம்மியாச்சே மேஸ்திரி."

"கம்மிதான்."

"அப்போ நல்ல வலுவா வேற எது இருக்கு?"

"மாட்டுங்க."

உலகநாதன் புது கேஸ்கெட் வைத்தார். இரண்டு நட்டுகள் சரியாக உட்கார்ந்தன. மூன்றாவதில், ஆலைப் பழக்கம், கடைசியாகக் கால் சுற்று கூடப் போட்டார். நட்டு பிடியில்லாமல் சுற்றியது. மரை போய்விட்டது.

"சொன்னேன்லா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இப்பவே மணி ரெண்டு."

"கழட்டுங்க."

அடியில் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பிக்கொண்டே திருப்பினார். நட்டு கையோடு வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம்.

"ஸ்டட்டைத் துடைச்சுப் பாருங்க."

கம்பி பிரஷ்ஷால் துடைத்தார். மஞ்சள் தூள் உதிர்ந்தது. அதன் அடியில் ஸ்டட்டின் மரை புதிதாகவே இருந்தது. அவர் அதை விரலால் ஒருமுறை தடவினார். பிறகு இன்னொரு முறை.

நான்காவது நட்டைக் கொடுத்தேன். இந்த முறை கால் சுற்றுக்கு முன்னால் கையை நிறுத்திக்கொண்டார்.

வண்டியைக் கிளப்பி, மேஸ்திரி இணைப்புக்குப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தார். அது ஆடவில்லை. மணி இரண்டு இருபது.

ஜெயசீலி ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். "இது எத்தனை நாளைக்கு வரும் அண்ணாச்சி?"

உலகநாதன் மேஸ்திரியைப் பார்த்தார்.

"தெரியாது," என்றார் மேஸ்திரி. "போச்சுன்னா வாங்க. அண்ணாச்சியே கழட்டிருவாரு."

வண்டி போயிற்று. மூன்று நட்டுகள் அதோடு போயின. மரை போன ஒன்றை உலகநாதன் கழிவு டப்பாவில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டப்பாவில் மீதி பதினாறு.