மரங்கொத்தி முடிக்காத கணக்கு

அந்தக் காலத்தில் பறவைக்கும் விலங்குக்கும் பேச்சு இருந்தது; பேச்சு இருந்ததால் வழக்கும் இருந்தது. மலையடிவாரத்தில், ஏரிக்கரையை ஒட்டி, நாற்பது மரங்கள் கொண்ட ஒரு சிற்றூர். அங்கே யார் யாரோடு குடியிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கொக்குகள் எருமைகளின் முதுகில் இருந்தன. கிளிகள், மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்துகளில் இருந்தன.

ஒரு கோடையில் ஏரி வற்றிச் சிறு குட்டையாயிற்று. மலைமேலிருந்த சுனையில் மட்டும்தான் தண்ணீர். சுனை யானையின் பொறுப்பில் இருந்தது. யானையிடமிருந்து உத்தரவு வந்தது: இனத்துக்கு ஒரு துறை. எந்த இனத்தில் எத்தனை பேர் என்று பௌர்ணமிக்குள் கணக்கு வேண்டும். தன் இனத்தின் துறையில்தான் ஒருவர் இறங்கலாம். கணக்கில் இல்லாதவருக்குத் தண்ணீர் இல்லை.

கணக்கெடுக்கும் வேலை மரங்கொத்தியின் தலையில் விழுந்தது. கரையில் பட்டுப்போன பனை ஒன்று நின்றது. அதில் இனத்துக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு துளை என்று அவள் திட்டமிட்டாள். இரண்டு நாளில் முடியும் வேலை என்றுதான் நினைத்தாள். எதையும் ஒழுங்காகச் செய்பவள். அவள் போட்ட துளை எதுவும் அதுவரை பொய்யாக இருந்ததில்லை.

முதலில் எருமையிடம் போனாள்.

"அண்ணே, உங்க வீட்டில எத்தனை பேர்?"

"பத்து. நாலு எருமை, ஆறு கொக்கு."

"கொக்குக்குத் தனி வரிசை இருக்கு. எருமையை மட்டும் சொல்லுங்க."

"என் முதுகில உட்கார்ந்திருக்கிறவங்களை நான் சொல்லாம வேற யார் சொல்றது?"

முதுகிலிருந்த கொக்கு கழுத்தை நீட்டியது. "தனி வரிசைன்னா தனித் துறைக்குல்ல போகணும்? எருமை கால் வைக்காத துறையில பூச்சி எங்கேயிருந்து கிளம்பும்? என்னையும் எருமைன்னே போட்டுக்க அக்கா."

மரங்கொத்தி ஆறு துளைகளைக் கொக்கு வரிசையில் போட்டாள். கிளி இன்னும் மோசம்.

"நாங்க இருக்கிற பொந்தைக் குடைஞ்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப நாங்க உங்க வீட்டு ஆளுங்கதானே? உங்க வரிசையிலேயே சேர்த்துக்கங்க."

தவிட்டுக்குருவிகளோ எல்லாருமாக ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். "ஏழு பேர்!" "அவளைச் சேர்க்காதே, நான் அவளோட பேசறதில்ல." "அப்ப ஆறு." "நேத்து இவதான் பேசினா, எட்டுன்னு போடு." மரங்கொத்தி மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் யாராவது ஒருத்தி கோபித்துக்கொண்டு பறந்து போனாள். இரண்டு நாள் பத்து நாளாயிற்று. அலுப்பில் அடிக்கடி நெற்றியைக் கிளையில் மோதிக்கொண்டாள்.

பௌர்ணமியன்று காலையில் ஒரே ஒரு மரம் பாக்கி. காகம் குடியிருந்த வேம்பு.

"மூணு பிள்ளைங்க" என்றது காகம்.

"ரெண்டு" என்று எதிர்க்கிளையிலிருந்து குரல் வந்தது. குயில். "கடைசியில இருக்கிறது என்னோடது. முட்டை போட்டது நான்."

"போட்டுட்டுப் போனவ இப்ப எதுக்குடி வந்தே?"

"உரிமை கொண்டாட வரல மதினி. எனக்குக் கூடு கட்டவும் தெரியாது, ஊட்டவும் தெரியாது. ஆனா கணக்குன்னு வந்தா குயில் குயில்தான்."

மரங்கொத்தி கூட்டை எட்டிப் பார்த்தாள். கடைசிக் குஞ்சு இன்னும் முழுதாய் இறகு முளைக்காமல், வாயைப் பிளந்தபடி கிடந்தது.

"நீ யாரும்மா?"

"பசிக்குது" என்றது குஞ்சு.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லை."

"தாகமா இருக்கு" என்று திருத்திக்கொண்டது அது.

காகம் மரங்கொத்தியின் அருகே நகர்ந்து வந்தது. குரல் தாழ்ந்திருந்தது. "குயில்னு போட்டா இதுக்குக் குயில் துறைத் தண்ணிதான். அங்கே நான் இறங்க முடியாது. இதால பறக்க முடியாது. அங்கே இது வாயில தண்ணி ஊத்த ஆள் இல்ல. நீ போடற ஒரு துளையிலதான் இதோட உயிர் இருக்கு. காகம்னு போடு."

"அது காகம் இல்லையே!"

"வாய் செக்கச்செவேல்னு இருக்கு. எனக்கென்ன கண்ணு இல்லையா? பொரிஞ்ச அன்னைக்கே தெரியும்."

குயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மரங்கொத்தி பனைக்குத் திரும்பினாள். காக வரிசைக்கும் குயில் வரிசைக்கும் நடுவே நகங்களை ஊன்றி நின்றாள். மேலே, காக வரிசையில், ஒரு துளை போட்டால் அது பொய். கீழே, குயில் வரிசையில், போட்டால் அது உண்மை. அந்த உண்மையில் ஒரு குஞ்சு செத்துப்போகும். பத்து நாள் எரிச்சலும் அலகின் நுனிக்கு வந்து சேர்ந்தது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இரண்டு வரிசைக்கும் நடுவே ஓங்கிக் கொத்தினாள்.

காகமும் குயிலும் ஒன்றாயின. அவள் நிறுத்தவில்லை. எருமைக்கும் கொக்குக்கும் இடையில் கொத்தினாள். கிளிக்கும் மரங்கொத்திக்கும் இடையில் கொத்தினாள். உச்சி வெயிலுக்குள் எல்லா வரிசைகளும் சேர்ந்து ஒரே பெரிய பொந்தாகிவிட்டன.

யானை வந்து பொந்துக்குள் துதிக்கையை விட்டுத் துழாவியது.

"எருமை எத்தனை?"

"எண்ணிக்கொண்டிருக்கிறேன், ஐயா."

"கொக்கு?"

"அதையும்தான்."

"எப்போது முடியும்?"

"முறையாகச் செய்தால் நாளாகும். அவசரப்பட்டால் பிழை வரும். பிழையான கணக்கைத் தங்களிடம் எப்படித் தருவது?"

"அதுவரை துறைகளை எப்படிப் பிரிப்பது?"

"அது எனக்கும் தெரியவில்லை, ஐயா."

யானை பொந்தைப் பார்த்தது, மரங்கொத்தியைப் பார்த்தது, துதிக்கையில் ஒட்டியிருந்த மரத்தூளை உதறியது. "கணக்கு முடியும்வரை எல்லாரும் ஒரே துறையில் குடித்துத் தொலையுங்கள்!" என்று பிளிறிவிட்டு மலையேறிப் போனது.

அன்று மாலை காகம் சுனையிலிருந்து அலகில் தண்ணீர் கொண்டுவந்து மூன்று வாய்களிலும் ஊற்றியது. கடைசி வாய்க்கு ஊற்றும்போது மட்டும் எதிர்க்கிளையிலிருந்து குயில் மெல்லக் கூவியது. மறுநாள் விடியும் முன்பே மரங்கொத்தி வேலையைத் தொடங்கிவிட்டாள். ஊருக்குத் தாகம் இருக்கும்வரை அந்தக் கணக்கு முடியக்கூடாது.

அன்று முதல்தான் மரங்கொத்தி மரத்துக்கு மரம் போய், கதவைத் தட்டுவதுபோல் தட்டித் தட்டிக் கேட்கிறது. பதில் வருமுன்பே அடுத்த மரத்துக்குப் பறந்துவிடுகிறது.